மலைப்பாம்பு பவர் எழுதிக் கொடுத்த கதை

ஒரு காட்டில், ஓடைக்கரைப் பாறை இடுக்கில், மாசிலாமணி என்கிற மலைப்பாம்பு குடியிருந்தார். நல்லவர்தான். ஆனால் ஒரு பன்றியை விழுங்கிவிட்டால் அப்புறம் அவருக்கு உலகம் கிடையாது. வயிறு கரையும்வரை அசையவும் முடியாது, கூப்பிட்டால் பதில் சொல்லவும் முடியாது. போன தடவை அப்படிக் கிடந்தபோது குரங்குகள் அவர் மேல் துணி காயப்போட்டன. உடும்பு ஒன்று அவருடைய இடுக்கில் குடும்பத்தோடு குடியேறி, வாசலில் கோலமும் போட்டுவிட்டது. அதைக் கிளப்புவதற்குள் மாசிலாமணிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இனி இப்படி ஆகக் கூடாது, தமக்கு நினைவில்லாத காலத்தில் தம் காரியங்களைப் பார்க்க யாருக்காவது பவர் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். சொந்தக்காரர்களை நம்ப முடியாது, எல்லாம் பாம்புகள். நரி தானாகவே வந்து கேட்டது; அதனாலேயே வேண்டாமென்றார். கடைசியில் புல்வெளி முயல் செங்கமலத்தைக் கூப்பிட்டார். அவள் பொய் சொல்லாதவள், அவரைக் கண்டாலே நடுங்குகிறவள். நடுங்குகிறவள் ஏமாற்ற மாட்டாள் என்பது அவர் எண்ணம்.

பத்திரம் எழுதியவர் வக்கீல் ஏகாம்பரம், பிணந்தின்னிக் கழுகு. உயில் வழக்குகளில் அவருக்கு ஈடு கிடையாது. கட்சிக்காரர் கண்ணை மூடுவதற்கு முன்பே வந்து மரத்தில் உட்கார்ந்துவிடுவார். மாசிலாமணி எப்போது நினைவில்லாமல் படுத்தாலும் பவர் தொடங்கும், தெளிந்துவிட்டார் என்று செங்கமலம் கையெழுத்துப் போட்டால் முடியும் என்று எழுதினார். மாசிலாமணி படித்துப் பார்க்காமல் வாலை மையில் தோய்த்து ஒற்றினார். அன்றைக்கே ஒரு பன்றியை விழுங்கிவிட்டு நிம்மதியாகப் படுத்தார்.

செங்கமலத்தைக் குறை சொல்ல முடியாது. நடுங்கிக்கொண்டே குரங்குகளை விரட்டினாள். தோல் காயாமல் தண்ணீர் தெளித்தாள். அவருடைய குடியிருப்புச் சான்றைக் கூட வரிசையில் நின்று புதுப்பித்து வந்தாள்.

ஒருநாள் மாசிலாமணி கண் விழித்தார். உடம்பு லேசாக இருந்தது. தெளிந்துவிட்டது, கையெழுத்தைப் போடு என்றார்.

"என்ன சாப்பிடணும்போல இருக்கு, ஐயா?" என்று கேட்டாள் செங்கமலம்.

அவர் யோசிக்காமல், "முயல்," என்றார்.

செங்கமலம் பேனாவை மூடிவிட்டாள். தன் காரியத்தைப் பார்க்கிறவளையே சாப்பிட நினைப்பவருக்கு இன்னும் புத்தி தெளியவில்லை என்று பணிவாகச் சொன்னாள். மறுவாரம் அவர் சூதானமாக, பசியே இல்லை என்று சொல்லிப் பார்த்தார். பசியில்லாத மலைப்பாம்பு எங்கேயாவது உண்டா என்று அவள் பயந்துபோய், பத்தியத்துக்குக் கொய்யாப்பழம் கொடுக்க ஆரம்பித்தாள்.

மாசிலாமணி இளைத்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஓடைப் பக்கம் போனால் மான்கள் ஓடவில்லை. கிட்டே வந்து, காது கேளாதவரிடம் பேசுவதுபோலச் சத்தமாக, சாப்பிட்டாச்சா, சமத்து என்றன. ஒரு மான் வாயால் சமத்துப் பட்டம் வாங்கிய அன்று அவர் இடுக்குக்குள் போய்ச் சுருண்டுகொண்டு அழுதார். மறுநாளே ஏகாம்பரத்தை வரவழைத்து, பவரை ரத்து செய்யச் சொன்னார்.

ஏகாம்பரம் பொறுமையாக விளக்கினார். ரத்து செய்ய வேண்டுமென்றால் மாசிலாமணிக்குப் புத்தி தெளிந்திருக்க வேண்டும். தெளிந்ததற்குச் செங்கமலம் கையெழுத்துப் போட வேண்டும். அவள் போட மாட்டாள்.

"அப்போ நான் என்னதான் பண்றது?"

ஏகாம்பரம் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார். மாசிலாமணி வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்து வக்கீல் மரியாதையாக நிறுத்திக்கொண்டார்.

செங்கமலம் கொய்யாப்பழத்தோடு வந்தபோது ஒரு சிறகு மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு அதுவும் உள்ளே போயிற்று. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இப்பத்தான் எங்க பழைய ஐயா," என்றாள்.

நேர்மையானவள். உடனே பத்திரத்தை எடுத்து, முற்றிலும் தெளிந்துவிட்டார் என்று கையெழுத்துப் போட்டு அவர் முன் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. வயிறு புடைத்து, பார்வை நிலைகுத்தி, ஏற்கெனவே படுத்துவிட்டிருந்தார். கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. பத்திரத்தின்படி பவர் மறுபடியும் தொடங்கிவிட்டது. அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு, துணியோடு வந்த குரங்குகளை விரட்டப் போனாள்.

நீதி: பவர் எழுதிக் கொடுக்கும் முன் வக்கீலிடம் கலந்து பேசுக; அவரை விழுங்குவதென்றால், விடுதலைப் பத்திரம் கைக்கு வந்த பிறகு விழுங்குக.