எனக்குக் கிடைக்காத நான்கு வக்கீல்கள்

அன்புள்ள மச்சினி மேவிஸுக்கு,

அத்தான் ஆரின் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் பசுவும் நலம். உன் தபால் வண்டி இந்த வெர்மான்ட் சேற்றில் சிக்காமல் ஓட ஆண்டவன் அருளட்டும். தினம் காலையில் முதல் ஆளாக என் வாசல் பெட்டியில் தபால் எடுக்கிறவளுக்கே தபால் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. நேரில் சொன்னால் அழுதுவிடுவேன்.

மேப்பிள் மரமெல்லாம் என் கூட்டாளி ரோலண்டுடையது, அதன் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகையும் கொப்பரையும் என்னுடையது என்பது உனக்குத் தெரியும். இருபது வருடமாகக் கைகுலுக்கியதோடு சரி, காகிதம் கிடையாது. போன மாதம் உன் அக்கா ஆரம்பித்தாள். "ஏங்க, நாளைக்கே அவரு மனசு மாறினா வெறுங்கொப்பரையில பனியவா காய்ச்சுவீங்க?" அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை. சரி, கூட்டு ஒப்பந்தம் ஒன்று எழுதிவிடலாம் என்று கடைத்தெரு வக்கீலிடம் போனேன். வாசலில் 'முதல் அரை மணி இலவசம்' என்று பலகை. கைகொடுத்து உட்காரவைத்து, கூட்டாளி பேர் என்ன என்றார். சொன்னதும் கொடுத்த கையை இழுத்துக்கொண்டார். "மன்னிக்கணும், உங்ககிட்ட நான் பேசக் கூடாது." "ஏன் சார்?" "அதையும் சொல்லக் கூடாது." சர்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் வக்கீலம்மாவிடம் போனேன், அதே பலகை, அதே பதில். மூன்றாமவர் வாசலிலேயே கும்பிடு போட்டார். நான்காமவன் என் ஒன்றுவிட்ட தம்பி. பேரைக் கேட்டதும் நாயை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். நம் வட்டாரத்தில் வக்கீல் நாலே பேர். ஒரு தரப்பு வந்து பேசிவிட்டால் மறு தரப்போடு பேசக்கூடாதாம், உன் அக்கா விசாரித்துச் சொன்னாள். அப்படியென்றால், காப்பித்தூளை இரண்டாம் முறை காய்ச்சிக் குடிக்கிற ரோலண்ட் நாலு பேரையும் வளைத்துப் போட்டிருக்கிறான்! இன்னும் ஒரு வாரத்தில் மரத்தில் சாறு சுரக்கும், காய்ச்சியாக வேண்டும். என் கதி என்ன மேவிஸ்? மலைக்கு அந்தப் பக்கம் போய், ரோலண்டைக் கேள்விப்பட்டிராத ஒருவரைப் பிடித்தேன். அவரிடம் இலவசமெல்லாம் கிடையாது. நான் உட்கார்ந்ததுமே கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். கூட்டு முறிந்தது, கொட்டகைப் பக்கம் காலெடுத்து வைக்காதே என்று நோட்டீஸ் அனுப்பியாயிற்று. பதிவுத் தபால், நாளை உன் வண்டியில் வரும். ரோலண்ட் கையிலேயே கொடு, கையெழுத்து வாங்காமல் நகராதே, என்ன சாக்கு சொன்னாலும் நம்பாதே.

உன் வீட்டுக்காரருக்கும் கோழிகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உறக்கமிழந்த அத்தான்,
ஆரின்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ரோலண்ட் வந்துவிட்டான். கையில் ஒரு ஜாடி வெள்ளரி ஊறுகாய், கக்கத்தில் காகிதக் கத்தை. "இந்தாடா, உன் பொண்டாட்டி புலம்புறது என் காதுக்கும் வந்துச்சு. ஒப்பந்தம் எழுதியாச்சு. அரை மணி சும்மான்னு நாலு பேரும் போர்டு மாட்டியிருக்காங்க, விடுவேனா? ஆளுக்கு ஒரு பக்கமா கேட்டுக் கேட்டு நானே எழுதிட்டேன். காசு செலவே இல்ல!" கடைசிப் பக்கத்தில், தனக்குப் பிறகு மரம் முழுக்க எனக்கு என்று எழுதியிருக்கிறான். அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. இப்போது கொட்டகையில் கொப்பரை தேய்த்துக்கொண்டிருக்கிறான். ஆகையால் மேவிஸ், அந்தப் பதிவுத் தபாலை உன் வண்டி சீட்டில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள். அது சட்டப்படி குற்றமா என்று என்னைக் கேட்காதே. கேட்டுச் சொல்ல இந்த ஊரில் எனக்கு ஒரு வக்கீலும் இல்லை.