கடுகு நிறுத்த அம்பு

சென்னைப் பட்டணத்தில் அரிசியை எடை போட்டவர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். தங்கத்தை எடை போட்டவர்கள் நூறு பேர் இருக்கலாம். அம்பை எடை போட்டவர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் ராயபுரத்தில், நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்த அரிசிக் கிடங்கில், தராசுக்காரராக இருந்த கடுகு.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ இருந்தது. அம்புக்கு அம்பு கடுகளவுகூட வித்தியாசம் இருக்கக் கூடாது என்று காலையில் நாலு தடவை, மாலையில் நாலு தடவை சொல்வார். அதனால் கூலியாள் முதல் துரை வரை எல்லோருக்கும் அவர் கடுகு. எனக்கு மட்டும் அண்ணாத்தே. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த நேரம். எனக்கு இருபத்திரண்டு வயது. கிடங்கில் எவனையாவது கிண்டல் செய்து பத்துப் பேரைச் சிரிக்க வைக்காவிட்டால் எனக்குச் சாப்பிட்ட சோறு செரிக்காது.

அரிசிக் கிடங்கில் அம்பு எதற்கு என்று கேட்பீர்கள். பெருச்சாளிக்கு. அரிசி இருக்கும் இடத்தில் விஷம் வைக்க முடியாது. பூனைகளோ எங்கள் பெருச்சாளிகளைக் கண்டால் எழுந்து நின்று வழிவிடும். யுத்தத்தின்போது குண்டு விழும் என்று ஊரே காலியானதல்லவா, அப்போது கிடங்குக்குக் காவல் இருந்த மலைநாட்டுச் சிப்பாய் ஒருவன் கடுகுக்கு வில் பிடிக்கக் கற்றுக் கொடுத்து, போகும்போது வில்லையும் கொடுத்துவிட்டுப் போனான். எடை போடும் பைத்தியம் மட்டும் இவருடைய சொந்தச் சரக்கு.

சாப்பாட்டு மணி அடித்ததும் கடுகு சோற்றைத் தொடமாட்டார். தட்டான் கடையில் வாங்கிய சின்னத் தராசை எடுத்து ஆணியில் மாட்டுவார். ஒரு பக்கம் மாதிரி அம்பு, மறுபக்கம் புது அம்பு, இரண்டும் நூலில் தொங்கும். எந்தப் பக்கம் தூக்குகிறதோ அந்தப் பக்கம் ஒவ்வொரு கடுகாகப் போடுவார். கனம் அதிகமான அம்பைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டுவார். குறைந்தால், தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளைக் கிழித்து முனையோரம் சுற்றுவார். சில சமயம் சுரண்டல் அதிகமாகிவிடும். அப்புறம் அதற்குச் சமமாக மற்றதையெல்லாம் சுரண்டவேண்டும். பொங்கலுக்கு முழ நீளத்தில் இருந்த ஒரு டஜன் அம்பு தீபாவளிக்குள் பல் குத்த லாயக்காகிவிடும்.

எடை சரியான பிறகு அம்பை ஆள்காட்டி விரலில் குறுக்கே வைத்துப் பார்ப்பார். முனைப் பக்கம் லேசாகச் சாயவேண்டும். "மூக்கு கனமா கீற அம்பு சொன்ன பேச்சு கேக்கும் நைனா. வாலு கனமா கீதுன்னு வெய்யி, குட்ச்சிட்டு வூட்டுக்குப் போறவன் மாரி ஆடிகினே போவும்."

"இன்னாத்துக்கு அண்ணாத்தே இம்மாம் பேஜாரு? சாவப் போற பெருச்சாளிக்கு வெயிட்டு தெரியவா போவுது?" என்றேன்.

"அத்துக்குத் தெரியாது. அம்புக்குத் தெரியும்."

ஒரு மழைநாளில் ஐந்து அடி தூரத்தில் ஒரு பெருச்சாளி சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து அரிசி தின்றுகொண்டிருந்தது. கடுகு நாணை இழுத்தார். சட்டென்று இறக்கிவிட்டார். "வாணாம். கடல் காத்துல அம்பு தண்ணி குட்ச்சிகீது. ரெண்டு கடுகு ஜாஸ்தி" என்று தராசை எடுக்கப் போனார். பெருச்சாளி நிதானமாகச் சாப்பிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு போனது. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். அவருக்குத் திருப்தியாக எடை போட்ட அம்பு ஒன்றுகூட வீணானதை நான் பார்த்ததில்லை. கிடங்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் ஓடுவதை அடிப்பார்.

இந்த எடையால்தான் அவர் சம்சாரம் சாலாட்சி கோபித்துக்கொண்டு போனார். கடுகு தன் எடைக்காக ஒரே அளவான கடுகாக இருநூறு பொறுக்கி ஒரு டப்பாவில் வைத்திருந்தார். மூன்று மாத வேலை. அடுக்களையில் கடுகு தீர்ந்த ஒருநாள் சாலாட்சி அக்கா டப்பாவைத் திறந்து மொத்தத்தையும் ரசத்துக்குத் தாளித்துவிட்டார். கடுகு ரசத்தை வடிகட்டிப் பார்த்துவிட்டு, சாவு விழுந்த வீட்டில்போல அழுதார்.

"ரசத்துக்கு அய்வுற மன்சனோட நான் குட்த்தனம் பண்ண முடியாது" என்று அக்கா திருவொற்றியூரில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். சமாதானம் பேசப் போன ஆளிடம் கடுகுக்கு ஒரே வார்த்தை சொல்லியனுப்பினார். "பத்து பேருக்கு எதிர்ல அந்தக் குச்சிய வெச்சி ஒரு தபா ஜெயிச்சிக் காட்டு. அப்பால வர்றேன்."

ஜெயிப்பதற்கும் வழி வந்தது. கிடங்குத் துரைக்கு வில் பைத்தியம் உண்டு. அந்த வருஷ விளையாட்டு விழாவில் அம்பு விடுவதையும் சேர்த்தார். வைக்கோல் அடைத்த கோணி மூட்டையில் சிவப்பு மசியால் வட்டம். ஆளுக்கு மூன்று அம்பு. துரையோடு போட்டி போடத் துணிந்தவர் கடுகு ஒருவர்தான். அக்காவுக்குச் சேதி போயிற்று. அக்காவும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். கடுகு பதினைந்து நாள் சரியாகத் தூங்கவில்லை. மூன்று அம்புகளை எடை போட்டார், போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார்.

விழாவன்று மைதானத்தில் அந்த மூன்று அம்புகளையும் என் கையில் கொடுத்தார். "சாலாட்சி ரயில்ல வருது. ஸ்டேசனுக்குப் போய் இட்டுகினு வந்துர்றேன். வேற எவன் கைலயும் குடுக்காத நைனா."

இனி எழுதப்போவதை இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். என் சட்டைப் பையில் மூட்டை தைக்கும் கோணி ஊசி ஒன்று உடைந்து கிடந்தது. ஓர் அம்பின் வால் பக்கத்தில் இறகைக் கட்டியிருந்த நூலைப் பிரித்து, ஊசித் துண்டை உள்ளே வைத்து, பழையபடி சுற்றிக் கட்டினேன். விரோதம் ஒன்றும் இல்லை. நாலு பேர் சிரிப்பார்களே என்ற அரிப்புதான். விரோதத்தால் செய்திருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்கமாட்டேன்.

அக்கா புதுப் புடவையில் வந்து, அண்ணன் குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். துரையின் மூன்று அம்பில் இரண்டு வட்டத்துக்குள், ஒன்று விளிம்பில். கடுகு என்னிடம் வந்து கை நீட்டினார். "எல்லாம் சரியா கீதா நைனா?"

"கீது அண்ணாத்தே."

வாங்கிக்கொண்டார். எதையும் விரலில் வைத்துப் பார்க்காமல் நாணில் ஏற்றமாட்டாத மனிதர், நான் கொடுத்ததால் அன்று பார்க்கவில்லை. முதல் அம்பு வட்டத்துக்குள் போயிற்று. இரண்டாவது நட்டநடுவில். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. மூன்றாவது எப்படியாவது வட்டத்துக்குள் விழுந்தால் போதும். அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்ததை நானும் பார்த்தேன். அந்த நிமிஷம் ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். போகவில்லை.

மூன்றாவது அம்பு வாலை ஆட்டிக்கொண்டே மூட்டையைத் தாண்டி, பேண்டு வாத்தியக்காரர்களின் பெரிய மேளத்தில் போய்க் குத்தி நின்றது. டம் என்று ஒரே ஒரு சத்தம். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் ஆசைப்பட்ட சிரிப்பு. அதைவிடப் பெரிய சிரிப்பை இத்தனை வருஷ எழுத்திலும் நான் வாங்கியதில்லை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

கடுகு போய் மேளத்திலிருந்து அம்பைப் பிடுங்கினார். விரலில் வைத்தார். வால் பக்கம் சாய்ந்தது. இறகை ஒருதரம் தடவினார். பிறகு நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். கிடங்கு மேஸ்திரி ஓடிவந்து, "எவனாச்சும் கை வெச்சானா? சொல்லு, இன்னிக்கே அவன் சீட்டைக் கிழிக்கிறேன்" என்றார்.

"எவனும் கை வெக்கல மேஸ்திரி. நான்தான் சரியா நிறுக்கல" என்றார் கடுகு.

அக்கா அடுத்த ரயிலில் திருவொற்றியூருக்குத் திரும்பிப் போனார். கூட்டம் கலைந்த பிறகு நான் கடுகின் காலில் விழாத குறையாக நின்றேன். அழுதேன். "உனக்கு இன்னும் கண்ணாலம் ஆவல. வேல போச்சுன்னா எவன் பொண்ணு குடுப்பான்?" என்று சொல்லிவிட்டு இறகுக் கட்டிலிருந்து உருவிய ஊசித் துண்டை என் பையிலேயே போட்டார்.

ஆறு மாதம் கழித்து, அண்ணிக்கும் தனக்கும் ஒத்துப்போகாமல், அக்கா தானாகவே கொருக்குப்பேட்டையில் இருந்த கடுகின் வீட்டுக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்கு அங்கேதான் சாப்பாடு. யார் வந்தாலும் அக்கா மேளக் கதையைச் சொல்லிவிடுவார். "வருசக் கணக்கா நிறுத்தாரு இந்த மன்சன். ஒரு அம்பு நேராப் போவல." கடுகும் கூடவே சிரிப்பார். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

"நான் சொல்லிடட்டுமா அண்ணாத்தே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கம்னு இரு. அப்பால அவ உனக்கு சோறு போடமாட்டா" என்றார். அந்தச் சோற்றுக்காக நானும் கம்மென்று இருந்துவிட்டேன்.

கடுகு கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. அக்கா அந்த வீட்டில்தான் இருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுகிறாளாம். நான் எழுதுவது என்பதால் அக்கா முழுசும் கேட்பாராம்.

அக்கா, அந்த ஊசியை வைத்தவன் நான். அண்ணாத்தே சரியாகத்தான் நிறுத்திருந்தார். இனிமேல் யாருக்காவது அந்தக் கதையைச் சொன்னால் இப்படியே சொல்லுங்கள், நான் அங்கே இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை.