கணுக்காலில் ஒரு துவக்கு

நத்தார்ப் பண்டிகை நாடகத்தில் துப்பறிவாளர் வேடம் கிடைத்த அன்றே நிக்கலஸ் தீர்மானித்துவிட்டார். துவக்கு இடுப்பில் இருக்காது. கணுக்காலில்தான் இருக்கும். கடைசிக் காட்சியில் கள்ளன் கையை உயர்த்தச் சொல்வான். இவர் குனிவார், காற்சட்டையைத் தூக்குவார், சுடுவார். வைலே நகரத் தேவாலய மண்டபமே எழுந்து நின்று கைதட்டும்.

துவக்கு என்னவோ விளையாட்டுத் துவக்குத்தான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் உறை அசல் தோலாக இருக்கவேண்டும்.

"பொக்கற்றுக்குள்ள வச்சா என்ன?" என்றாள் மனைவி மேரிசெலின். நாடகத்திலும் அவள்தான் மனைவி. எல்லாக் காட்சியிலும் அழுவது மட்டுமே வேலை.

"உனக்கு நடிப்பைப் பற்றி என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாதப்பா. கடைக்கு நானும் வாறன்."

வேட்டைச் சாமான் கடைக்காரர் மூன்று உறைகளை எடுத்து வைத்தார். கறுப்பு, தகரம்போல விறைத்து நின்றது. அகலமானதில் துவக்கைப் போட்டால் கிலுகிலுப்பை மாதிரி ஆடியது. மூன்றாவது மண்ணிறம், உள்ளே ஆட்டுரோமம். துவக்கு அதற்குள் பச்சைக்குழந்தை மாதிரிப் படுத்துக்கொண்டது. வார்தான் கொஞ்சம் குட்டைபோல இருந்தது.

போட்டுப் பார்க்கும்படி கடைக்காரர் சைகை காட்டினார். பனிக்காலச் சப்பாத்து கணுக்காலை மூடியிருந்தது. நிக்கலஸ் நாடாவில் கை வைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டார்.

"ஏனப்பா நிக்கிறியள்?"

"சப்பாத்துக்குள்ள மேஸ் ஓட்டையடி, பெருவிரல் வெளியில நிக்குது. வேற இல்லையெண்டு காலமை நீதானே தந்தனீ!"

"ஐயோ, வெள்ளைக்காரனுக்கு முன்னால மானம் போகப்போகுது! பொறுங்கோ, நான் போட்டுப் பாக்கிறன். நீங்கள் தள்ளி நிண்டு வடிவா இருக்கோ எண்டு பாருங்கோ."

வடிவாகத்தான் இருந்தது. மண்ணிறத்தையே வாங்கினார்கள்.

ஒத்திகையில் வார் அவர் காலைச் சுற்றப் புறப்பட்டுப் பாதி வழியில் நின்றுவிட்டது. போதாததற்கு, குளிருக்கென்று அவள் போடவைத்த இரண்டு உள்காற்சட்டைகள். நிக்கலஸ் குனிந்து இழுத்தார். கள்ளனாக நடித்த தவராஜா காத்திருந்து கொட்டாவி விட்டான்.

"அண்ணை, இதுக்குள்ள கள்ளன் உங்களைச் சுட்டுப்போட்டு வீட்டை போய்ச் சாப்பிட்டும் இருப்பான்," என்றான் நாடகம் பழக்கிய பேனாட்.

"தம்பி, வாரிலதான் பிழையோ எண்டு ஒருக்காப் பாக்கிறன்," என்று மேரிசெலின் எழுந்தாள்.

கட்டினாள். சேலை விழுந்து கணுக்காலை மூடியது. துவக்கு இருக்கும் சிலமனே இல்லை. விம்மி அழுதாள். அழுதபடியே குனிந்தாள். நிமிர்ந்தபோது துவக்கு தவராஜாவின் மூக்கு நுனியில்.

பேனாட் துள்ளிக் குதித்தான். "அண்ணை முதலே சாகட்டும். அக்கா பழிவாங்கட்டும்!"

மேடையில் மாதா சுருவம் கைகூப்பி நின்றதால் நத்தார் அன்று எல்லாரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டே ஏறினார்கள். கடைசிக் காட்சி தொடங்கியதுமே நிக்கலஸ் செத்து, சனத்தின் பக்கம் காலை நீட்டிக் கிடந்தார். மேரிசெலின் துவக்கை உருவிக் கள்ளனைச் சுட்டாள். அவர் நினைத்தபடியே மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பிறகு ஏனோ சிரித்தது.

அவள் பிணத்தின்மேல் விழுந்து கதறினாள். கதறலுக்கு நடுவே காதுக்குள் சொன்னாள்:

"பெருவிரலை மடக்குங்கோ. இண்டைக்கும் அந்த மேஸைத்தான் எடுத்துத் தந்தனான்."