பின் சீட்டுக்கு ஒரு ஏற்பாடு

லோகேஷ் தன் கல்யாண வாழ்க்கையில் நிம்மதியாக இருந்த நேரமெல்லாம் முழங்கால் அளவுத் தண்ணீரில்தான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சுண்ணாம்புக்குளத்துக்குக் கிழக்கே, ஏரியை ஒட்டிய அவன் ஊரில் கையாலேயே இறால் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டும். இரண்டு கையும் சேற்றைத் தடவும். அகப்பட்ட இறால் பறிக்குள் போகும். வாயைத் திறந்தால் பறி மிதந்து போய்விடும். ஆகவே ஏரிக்குள் இருக்கிற வரைக்கும் அவன் மனைவி ஜமுனா பேச மாட்டாள். கரை ஏறிப் பறியை இறக்கியதும், காலையில் எந்த வார்த்தையில் நிறுத்தினாளோ அதற்கு அடுத்த வார்த்தையிலிருந்து தொடங்குவாள்.

ஏரியில் இன்னொரு தொல்லையும் உண்டு. முன்னால் போகிறவர் கைக்கு இறால். பின்னால் வருகிறவர் கைக்குக் கலங்கல், சிப்பி, சமயத்தில் கெளுத்தி முள். ஜமுனா வேகக்காரி. கல்யாணமான புதிதில் எப்போதும் அவளே முன்னால் போவாள்; லோகேஷ் அவள் கலக்கிவிட்ட சேற்றைத் தடவிக்கொண்டு பின்னாலேயே வருவான். அவன் பறியை எட்டிப் பார்த்து ஊரே சிரித்தது. அதற்காக அவன் வீட்டுக்குள் ஒரு சட்டம் போட்டான். போன தடவை யார் முன்னால் போனாரோ அவர் இந்தத் தடவை பின்னால். மாறி மாறித்தான் போக வேண்டும்.

சட்டம் போட்டவன் அதைக் கறாராகவும் வைத்துக்கொண்டான். ஒரு நாள் முன்னால் போக ஜமுனாவின் முறை. தண்ணீரில் கால் வைத்ததுமே காற்று மாறி, எல்லோரும் திரும்பிவிட்டார்கள். ஒரு இறால்கூட அகப்படவில்லை. மறுநாளும் தன் முறைதானே என்று அவள் கேட்டாள். தண்ணியில கால் பட்டாலே முறை முடிஞ்சிச்சி என்று லோகேஷ் சாதித்துவிட்டான். ஜமுனா தலையாட்டிவிட்டு அவனுக்குப் பின்னால் இறங்கினாள். அதைத் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டான், பாவம்.

இப்படிப்பட்டவன்தான் பைக்கில் கன்னியாகுமரிக்குப் போவது என்று முடிவெடுத்தான். தனியாக. ஹெல்மெட் போட்ட பையன்கள் மலையையும் பாலத்தையும் கடந்து போகிற வீடியோக்களை போனில் பார்த்துப் பார்த்து வந்த முடிவு. மலை பாலமெல்லாம் அவனுக்கு இரண்டாம்பட்சம். அந்தப் பையன்களுக்குப் பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அதுதான் அவனைக் கவர்ந்தது. பொன்னேரி வரைக்கும் ஜமுனாவைப் பின்னால் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தவர்களுக்கே இந்த ஏக்கம் புரியும். பஸ் வருகிறது என்பாள். லாரி வருகிறது என்பாள். நாய் நிற்கிறது என்பாள். அந்த நாய் நம்மையே பார்க்கிறது என்பாள்.

டீக்கடையில் தன் முடிவைக் கூட்டாளி ராஜேந்திரனிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னான். லோகேஷ் டீ குடித்துவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் ரகசியம் அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. ஜமுனா நண்டுக் குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள்.

"கன்னியாகுமரி போறோமாமே," என்றாள்.

"போறேன்னுதான் சொன்னேன்."

"நான் பொன்னேரி ஆஸ்பத்திரியும் எளாவூர் செக்போஸ்ட்டும் தவுர இன்னா பாத்தேன் மாமா? அங்க மூணு கடல் ஒண்ணா சேருதாம். நானும் பாக்கணும்."

சண்டையாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பான். அவள் நிஜமான ஆசையோடு சொன்னாள். லோகேஷுக்கு ஒரு நிமிஷம் மனசு இளகத்தான் செய்தது. அடுத்த நிமிஷம், கன்னியாகுமரி வரைக்கும் எத்தனை நாய்கள் நிற்கும் என்று யோசித்தான். இளகின மனசு இறுகிவிட்டது.

ஆனால் ஜமுனாவிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. அந்த வார்த்தையை அவளே சொல்லும்படி செய்ய வேண்டும். ராத்திரி சாப்பாட்டில் நண்டுக் காலைக் கடித்துக்கொண்டிருந்தபோது வழி பிறந்தது. தான் சொல்ல முடியாததை வண்டி சொல்லட்டும்.

எளாவூரில் ஜோயல் என்கிற மெக்கானிக் இருக்கிறான். நல்ல வேலைக்காரன், வாய் குறைவு. லோகேஷ் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, லாங் ட்ரிப், டபுள்ஸ், அதுக்குத் தகுந்த மாதிரி ரெடி பண்ணணும் என்றான். ஜோயலுக்குச் சந்தோஷம். இன்ஜின் ஆயிலை மாற்றினான். செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் புதுசாகப் போட்டான். ரெண்டு பேர் வெயிட்டுக்குத் தாங்காது என்று பின் டயரை மாற்றினான். பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், ஹெட்லைட் பல்பு எல்லாம் புதுசு. மைலேஜ் கிடைக்கிற மாதிரி கார்ப்பரேட்டரைப் பிரித்துக் கழுவி டியூன் பண்ணச் சொன்னான் லோகேஷ். டேங்க் ரொப்பினால் மதுரை தாண்டித்தான் மறுபடி பங்க்கில் நிற்க வேண்டும் என்பது அவன் கட்டளை.

அதற்குப் பிறகுதான் அசல் வேலையைச் சொன்னான்.

"பின்னாடி ஷாக் அப்சார்பர இருக்கறதுலயே டைட்டா வெச்சிடு."

"டபுள்ஸுக்குக் கொஞ்சம் டைட் வெக்கலாம்ணா. அவ்ளோ வெச்சா பின்னாடி ஒக்கார்றவங்களத் தூக்கித் தூக்கிப் போடும்."

"போடட்டும். சீட்ல பின் பாதி ஸ்பாஞ்ச எடுத்துட்டு இத வெச்சித் தெச்சிடு."

அவன் நீட்டிய கோணிப்பையில் பழைய நைலான் வலை இருந்தது. முடிச்சுக்கு முடிச்சு கல் மாதிரி இறுகிப்போன வலை.

"பின்னாடி புடிச்சிக்கிற கம்பி கீது பாரு, அதையும் கழட்டிடு."

ஜோயல் வலையைப் பார்த்தான். கம்பியைப் பார்த்தான். "அண்ணி வர்றாங்களாணா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"வராம இருக்கத்தாம்பா இவ்ளோ வேலையும்."

எல்லாம் பேசி முடித்த பிறகு லோகேஷுக்கு இன்னொரு குறை ஞாபகம் வந்தது. டேங்க்கில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. மத்தியானம் அவன் தூங்கி எழுந்து பார்த்தால் பெட்ரோல் குறைந்திருக்கிறது. நிறுத்தி வைத்த வண்டி எப்படிக் குடிக்கும்? ஜோயல் குனிந்து பார்த்தான், தட்டிப் பார்த்தான், டேங்க்கில் ஓட்டை எதுவும் இல்லை என்றான். சொல்லிவிட்டு, கையில் பிடித்திருந்த ஸ்பேனரை ரொம்ப நேரம் கடை முழுக்கத் தேடினான்.

வண்டி தயாரானதும் லோகேஷ் ஜமுனாவிடம், பின்னால் லோடு ஏற்றி ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் தைரியமாக லாங் போகலாம் என்றான். ஜமுனா உடனே ஏறி உட்கார்ந்தாள். எளாவூர் ரோட்டில் பள்ளத்தைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. லோகேஷ் தேடிப் போனான். விட்டுப்போன ஒரு பள்ளத்துக்காக வண்டியைத் திருப்பிக்கொண்டும் வந்தான். ஸ்பீடு பிரேக்கரில் பிரேக்கைத் தொடவே இல்லை. பின்னாலிருந்து அம்மா என்று ஒரு சத்தம் வரும், அதோடு கன்னியாகுமரி முடிந்தது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

சத்தம் வந்தது. காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலைக்குப் போகிற அவள் தங்கச்சி நந்தினியின் சூப்பர்வைசர் எப்படிப்பட்ட ஆள் என்ற விவரம் வந்தது. லாரி வருகிறது என்ற தகவல் வந்தது. அம்மா மட்டும் வரவில்லை. எளாவூர் வந்து இறங்கியபோது லோகேஷுக்குத்தான் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது.

"எப்படிமே கீது சீட்டு?"

"நல்லாகீது மாமா. ஏரிய வுட சொகமா கீது."

லோகேஷ் ஒன்றை மறந்துபோயிருந்தான். தண்ணீர் வற்றுகிற மாதங்களில் ஊர்ப் பெண்கள் சிப்பிப் படுகைமேல் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து இறால் தடவுவார்கள். ஜமுனா சின்ன வயசிலிருந்து அப்படி நகர்ந்தவள். அவளை ஒரு பழைய வலையால் பயமுறுத்தப் பார்த்தது தப்பு. அந்த மாதங்களில் அவனுக்கு மட்டும் தவறாமல் இடுப்பு வலி வந்து கரையிலேயே நின்றுவிடுவதால் இந்த விஷயம் மனசில் பதியவில்லை.

ஜோயல் தன் கடைக்கு டீ வரவழைத்துக் கொடுத்தான். ஜமுனா டீயை ஆற்றிக்கொண்டே ஒரு பேச்சை எடுத்தாள்.

"ஒண்ணு மட்டும் மாமா. ஏரியில எப்படியோ அப்படித்தான் ரோட்லயும். ஒருத்தரே முன்னாடி ஒக்காந்துக்கறது நாயமில்ல."

லோகேஷுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். ஜமுனா வண்டி ஓட்டி அவன் பார்த்ததே இல்லை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டிய நல்ல புருஷன் என்று ஜோயல் முன்னால் பேர் வாங்கிக்கொள்ள இதைவிடச் சந்தர்ப்பம் வராது. தாராளமாக மாறி மாறி ஓட்டலாம் என்றான். ஏரியில் ஒரு நாளைக்கு ஒரு முறை, ரோட்டில் எப்படி மாற்றிக்கொள்வது என்று அவள் கேட்டாள். அதையும் அவனே தீர்மானித்தான். ஒரு டேங்க் பெட்ரோல் ஒருவருக்கு. டேங்க் காலியாகி பங்க்கில் நின்றால்தான் ஆள் மாறலாம். அதற்குள் மாறக் கூடாது. மதுரை தாண்டுகிற வரைக்கும் தன்னை யாரும் அசைக்க முடியாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அதற்கு அந்தப் பக்கம் அவளே தனக்கு ஓட்டத் தெரியாது என்று ஒத்துக்கொள்வாள்.

"ஜோயலு, கேட்டுக்கினியா?" என்றாள் ஜமுனா.

"கேட்டுக்கினேன் அக்கா," என்றான் ஜோயல். லோகேஷ் திரும்பும் வழியில் டேங்க்கை மூடி வரை ரொப்பிக்கொண்டு வந்தான். சந்தோஷத்தில் பள்ளங்களைக்கூட ஒதுக்கி ஓட்டினான்.

கிளம்புகிற அன்று விடிகாலையில் அவன் பல் தேய்த்துவிட்டு வெளியே வந்தால், ஜமுனா சுடிதார் போட்டு, முடியை இறுக்கிக் கட்டி, நந்தினியின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வண்டி ஸ்டார்ட்டில் இருந்தது.

"எறங்குமே. விளையாடற நேரமா?"

"இது என் முறை மாமா."

"எப்படி உன் முறை? நாம இன்னும் கெளம்பவே இல்ல."

"எளாவூருக்குப் போயிட்டு வந்தோமே. யாரு முன்னாடி ஒக்காந்தா?"

"அது டெஸ்ட்டு. அதெல்லாம் கணக்குல சேராது."

"தண்ணியில கால் பட்டாலே முறை முடிஞ்சிச்சின்னு யாரு சொன்னது?"

லோகேஷிடம் கடைசியாக ஒன்றே ஒன்று கைவசம் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஹைவேயில் ஓட்டினால் பிடித்துக்கொள்வார்கள் என்றான்.

"எடுத்துட்டேன். நந்தினி எடுக்கறப்போ நானும் கூடவே போயி எட்டு போட்டேன்."

"எட்டு போட வண்டி எங்க கத்துக்கின?"

"இதுலதான். மத்தியானம் நீ தூங்குவ இல்ல, அப்போ தண்ணி வத்துன எடத்துல. ஜோயலுதான் மொதல்ல கிளட்ச்சு புடிக்கச் சொல்லிக் குடுத்தான்."

ஜோயல் ஸ்பேனரை அவ்வளவு நேரம் தேடியதற்கு அப்போதுதான் அவனுக்கு அர்த்தம் தெரிந்தது. அதற்குள் ராஜேந்திரன் எழுந்து வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தான். எதிர் வீட்டு லோகாம்பாள் அவனுக்குப் பக்கத்தில் பாத்திரம் துலக்குகிறவளைப் போல நின்றாள். கையில் பாத்திரம் இல்லை. பறியைப் பார்த்து ஊர் சிரித்தது போதாதா? லோகேஷ் பேசாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தான். வலை முடிச்சுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து அவனை விசாரித்தன.

எளாவூர் ரோட்டின் முதல் பள்ளத்தில் அவன் ஆகாயத்துக்குப் போய்த் திரும்பி வந்தான். பிடித்துக்கொள்ளக் கையைப் பின்னால் விட்டான். கம்பி இல்லை. இரண்டு கையாலும் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மடியில் இருந்த புளிச்சோற்றுப் பை நழுவியது.

"ஜமுனா, பை வுழுது."

"வாயில கவ்விக்கோ மாமா. பறி மாதிரி."

வேறு வழியில்லை. கவ்விக்கொண்டான். அதற்குப் பிறகு பள்ளம் வந்தது, ஸ்பீடு பிரேக்கர் வந்தது, எதைப் பற்றியும் அவனால் பேச முடியவில்லை. ஜமுனா பேசினாள். பஸ் போகிறது என்றாள். இந்தப் பாலம் எவ்வளவு நீளம் என்றாள். நம்ம ஊர் ஏரியைத் தவிர இவ்வளவு தண்ணீரை இங்கேதான் பார்க்கிறேன் என்று மதுராந்தகத்தில் சொன்னாள். அவள் குரலில் இருந்த குதூகலத்தை லோகேஷ் இதற்கு முன்னால் கேட்டதில்லை. அவனுக்கே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இடுப்புக்கு மேலே மட்டும்.

திண்டிவனம் தாண்டி ஒரு கடை ஓரம் வண்டியை நிறுத்தினாள். லோகேஷ் இறங்கவில்லை, இறக்கப்பட்டான். பையைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டு, அக்கறையாக, எதற்கும் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான்.

ஜமுனா குனிந்து பெட்ரோல் முள்ளைப் பார்த்தாள். "எதுக்கு மாமா? அசையவே இல்ல. ஜோயலு ரொம்ப நல்லா டியூன் பண்ணிக்கிறான். மதுர தாண்டித்தான் போடணும்." சொல்லிவிட்டு நுங்கு வாங்கப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் லோகேஷ் வண்டிக்கு அடியில் மண்டியிட்டான். டேங்க்கின் அடிப்பாகம் முழுக்க விரலால் தடவித் தடவிப் பார்த்தான். வழியே போன ஒரு லாரி டிரைவர் நின்று, இன்னா சார் தேடறீங்க என்று கேட்டார்.

"ஓட்டைங்க," என்றான் லோகேஷ். ஒரு சொட்டு ஈரம்கூட அவன் கையில் படவில்லை.