தேனிலவும் ஓர் உறுதிமொழிக் கடிதமும்

கணவன்மார்களே, கேளுங்கள்! வாய்மையே வெல்லும் என்று பதினோரு ஆண்டுகளாகப் பள்ளியில் நீதிபோதனை வகுப்பு நடத்தி வருகிறவன் நான். அந்த வாய்மைதான் இன்று என்னை என் வீட்டுக்கு வெளியே நிறுத்தி, உள்ளே தாழிட்டுக்கொண்டது. நெஞ்சு கொதிக்கிறது. கொதிக்கும் நெஞ்சோடு எழுதுகிறேன். நடையில் பதற்றம் தெரிந்தால் பொறுத்தருள்க.

என் பக்கமும் சிறு குற்றம் உண்டு. திருமணத்துக்கு முன் தொலைபேசியில் பேசிய நாட்களில், "எனக்கு மலைன்னா உயிர்" என்று சொல்லி வைத்தேன். இன்று என் மனைவியான அவளோ நீச்சல் பயிற்சியாளர். பத்தடி உயரப் பலகையிலிருந்து சிரித்துக்கொண்டே குதிப்பவள். அவளிடம் போய், நாற்காலி மேல் ஏறி விளக்கு மாட்டினாலே எனக்குக் கால் நடுங்கும் என்றா சொல்ல முடியும்?

திருமணம் முடிந்தது. பின்னாலேயே தொற்றுநோய் வந்தது. நீச்சல் குளத்தைப் பூட்டினார்கள். என் பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் குடிவந்தது. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. அதற்குள் நாங்கள் இருவர். அடுக்குமாடிக் குடியிருப்பின் கடைசி மாடி. சொர்க்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் காலை, தேநீர்க் கோப்பையை என் முன் வைத்தவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"என்னங்க, அம்மா அங்க தனியா இருக்காங்க. இங்க கூட்டிட்டு வந்துரலாமா?"

என் மாமியார் ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர். திருமணத்தன்று, "நகத்தைக் காட்டுங்க மாப்பிள்ளை" என்று கேட்டு, என்னை நான்கு முறை கை கழுவ வைத்தவர். அந்தக் கண்காணிப்பின் கீழ் புது மணவாழ்க்கையா? நான் சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"வெளியூர்லேர்ந்து வர்றவங்க பதினாலு நாள் தனி அறையில இருக்கணும். ஒழிஞ்ச அறை இருந்தாத்தான் அனுமதியே கொடுப்பாங்க. நமக்கு இருக்கறதே ஒண்ணு. என்ன செய்ய? விதின்னு ஒண்ணு இருக்கே!"

"எந்த விதி?"

"ரெண்டும்தான்."

அவள் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டாள். பிறகு முகம் மலர்ந்தாள். அந்த மலர்ச்சியை அன்றே ஆராய்ந்திருக்க வேண்டும்.

"சரி, அம்மாவை விடுங்க. ஹனிமூனாவது போலாமா? மலை ஏறலாம், கூடாரம் போடலாம், ஆத்துல படகு விடலாம்னெல்லாம் சொன்னீங்களே?"

அன்பர்களே, இங்கே ஒரு கதை. பூட்டிய பட்டிக்கு முன்னால் நின்ற ஓநாய் ஒன்று, "இன்றைக்கு நான் நோன்பு" என்று ஆடுகளுக்கு அறிவித்ததாம். அந்த ஓநாய்க்கு அன்று எவ்வளவு புகழ்! மலைகள் மூடிக் கிடந்தன. ஆறுகளுக்கும் தடை. ஆகவே எனக்கும் வீரம் பொங்கிற்று.

"போறோம்! பதினாலு நாள்!" என்றேன்.

கூடத்துச் சுவரில் வரைபடம் ஏறிற்று. முதல் நாள், செங்குத்துப் பாறை. இரண்டாம் நாள், அருவியின் குறுக்கே கயிற்றில் தொங்குதல். மூன்றாம் நாள், சுழல் உள்ள இடமாகப் பார்த்துப் படகு. "சுழல் வேண்டாங்க" என்று அவளே கெஞ்சினாள், நான் இரங்கவில்லை. இருவர் படுக்கும் கூடாரம் வந்தது. கயிறு வந்தது. மலைக்காலணி வந்தது. அதை மாட்டிக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நாள்தோறும் நூறு முறை நடந்தேன். கீழ்வீட்டுக்காரர் வந்து, குதிரை வளர்க்கிறீர்களா என்று கேட்டார்.

பயண அனுமதி கோரும் படிவத்தில் "காரணம்" என்றொரு கட்டம். மருத்துவம், மரணம், ஆதரவற்ற முதியோர் ஆகியவற்றுக்கே அனுமதி என்பது ஊரறிந்த செய்தி. நான் வாய்மை தவறாமல் "தேனிலவு" என்று எழுதினேன். இரண்டே மணி நேரத்தில் மறுத்துவிட்டார்கள். நாற்காலியில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"மனசு விட்டுராதீங்க," என்றாள், என் தலையைத் தடவியபடி. "உங்க ஆசை வீணாப் போறதை என்னால பாக்க முடியலைங்க. மொட்டை மாடி இருக்கே!"

"மொட்டை மாடியா?"

"கூடாரத்தை அங்க போடுவோம். காவலாளியோட பழைய குளியலறையும் அங்கயே இருக்கு. பதினாலு நாள் கீழ எட்டிப் பாக்கக் கூடாது. வானம், காத்து, நாம ரெண்டு பேர்."

மாடியில் பாறை இல்லை, அருவி இல்லை. இடுப்புயரக் கைப்பிடிச் சுவர் மட்டும் உண்டு. இதைவிட மலிவாக எவனுக்காவது வீரப்பட்டம் கிடைத்ததுண்டா? சம்மதித்தேன்.

"குடியிருப்புச் செயலாளர்கிட்ட ஒரு கடிதம் கொடுத்துருங்க. உங்களுக்குத்தான் அழகா எழுத வருமே!"

புகழ்ச்சிக்கு மயங்காதே என்று மாணவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! தாளை எடுத்தேன். அவள் தோளருகே நின்றாள்.

"பதினாலு நாள் மாடியிலதான் இருப்பேன்னு எழுதுங்க."

எழுதினேன்.

"நடுவுல வீட்டுக்குள்ள வரமாட்டேன்னு எழுதுங்க. ரெண்டு இடத்துலயும் தண்ணி புழங்கறோம்னு அவர் சண்டைக்கு வருவார்."

எழுதினேன்.

"படுக்கையறை காலியா இருக்கும்னு..."

"அது எதுக்கு?"

"உறுதிமொழின்னா முழுசா இருக்க வேண்டாமா? நீங்கதானே சொல்வீங்க, அரை உண்மை முழுப் பொய்னு."

என் வாக்கையே எனக்கு எடுத்துச் சொல்லும் மனைவி! பெருமிதத்தோடு எழுதினேன்: "எங்கள் இல்லத்தின் ஒரே படுக்கையறை, குறிப்பிட்ட பதினான்கு நாட்களும் ஆளரவமின்றி, தூய்மையாக, காற்றோட்டத்துடன், முற்றிலும் ஒழிந்து கிடக்கும் என்று என் மனச்சாட்சியைச் சான்றாக வைத்து உறுதி கூறுகிறேன்." கையெழுத்திட்டேன். செயலாளர் முத்திரையும் இட்டார். ஒரு நகலை அவள் வாங்கி வைத்துக்கொண்டாள், நினைவுக்காம்.

குறித்த நாள் காலை ஒன்பது மணிக்குக் கூடாரம் எழுந்தது. "தேநீர் எடுத்துட்டு வர்றேன், அஞ்சே நிமிஷம்" என்று இறங்கினாள். பத்து மணி ஆயிற்று. வாசலில் ஒரு வண்டி நின்றது. சுவரைப் பற்றிக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் கீழே பார்த்தேன். இரண்டு பெட்டிகள், ஒரு தலையணை, அவற்றின் பின்னால் என் மாமியார்! கூடவே ஒரு சுகாதார ஊழியர். நான் மாடிப்படியில் பாதி இறங்குவதற்குள் அவர் ஏறி வந்து எங்கள் கதவில் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டார்: தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே இருப்பவர் வெளியே வரலாகாது, வெளியே இருப்பவர் உள்ளே செல்லலாகாது, பதினான்கு நாள்.

மேலே ஓடி, உயரத்தையும் மறந்து மாடிச் சுவரில் குப்புறக் கவிழ்ந்து, கீழே இருந்த எங்கள் சன்னலை நோக்கிக் கத்தினேன்.

"என்னடி இது அநியாயம்!"

"எதுங்க அநியாயம்? அம்மாவுக்கு அனுமதி கேட்டேன். காரணக் கட்டத்துல 'ஆதரவற்ற முதியோர்'னு எழுதினேன். அறை இருக்கான்னு கேட்டாங்க. உங்க கடிதத்தைக் கொடுத்தேன். படிச்சுட்டு அதிகாரி கண் கலங்கிட்டாராம். இப்படி ஒரு மருமகனான்னு!"

"நீ மேல வர்றேன்னு சொன்னியே?"

"அம்மாவைப் பாத்துக்க ஒரு ஆள் வேண்டாமா? விதின்னு ஒண்ணு இருக்கே!"

இன்னொரு தலை எட்டிப் பார்த்தது.

"மாப்பிள்ளை, வெயில்ல நிக்காதீங்க. கயிறு வச்சிருக்கீங்களாமே, இறக்குங்க. வெப்பமானி அனுப்பறேன். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சரியாச் சொல்லணும்."

அருவியைக் கடக்க வாங்கிய கயிற்றில் வாளி கட்டி, மூன்று வேளையும் சோறு இழுக்கிறேன். வாளிக்குள் சோற்றுக்கு முன்னால் சோப்பு வருகிறது. இதுவா இல்லறம்? அறம் எங்கே? இல்லம் எங்கே?

அநீதியைக் கண்டு அடங்குபவன் ஆசிரியனல்லன். எட்டுப் பக்கத்தில் முறையீடு எழுதினேன். ஏமாற்றிப் பெற்ற உறுதிமொழி செல்லாது என்று ஏழு காரணங்கள் காட்டினேன். முத்திரை இட்டவரே அதை நீக்க வேண்டும் என்று செயலாளருக்கு ஆள்மேல் ஆள் விட்டேன். அவர் ஒருவரே என் நம்பிக்கை.

நான்காம் நாள் காலை, படிக்கட்டில் காலடி ஓசை. செயலாளர்! நீதி மூச்சிரைக்க ஏறி வருகிறது என்று எழுந்து நின்றேன். அவர் கக்கத்தில் ஏதோ சுருட்டி வைத்திருந்தார். கோப்பு என்று எண்ணினேன், பாய்.

"சார், விசாரிக்கத்தானே வந்தீங்க?"

அவர் என்னைச் சுட்டெரிப்பது போல் பார்த்தார்.

"உங்க கடிதத்தை உங்க வீட்டம்மா, மாதிரிக்கு வச்சுக்கோங்கன்னு என் வீட்டம்மாகிட்ட கொடுத்துட்டாங்க. ஒரு எழுத்து மாத்தாம என்னையும் எழுத வச்சாச்சு. இப்ப என் மாமியார் உள்ள இருக்காங்க."

கூடாரத்தின் வாயிலை விலக்கினார். பாயை விரித்தார்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க சார்."