தோல் ஏட்டில் என் முகம்

புத்தகம் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத ஆளை எங்கள் குடும்பத்தில் நான் பார்த்ததில்லை. சாமியாவது பூதமாவது என்று பேசும் என் சித்தப்பாகூட, கார் மேனுவலை மிதித்துவிட்டால் சட்டென்று குனிந்து தொட்டுக் கும்பிடுவார். யாரும் யோசித்துச் செய்வதில்லை. தும்மல் மாதிரி அதுவாக வரும். எனக்கும் வந்தது. வந்த இடம்தான் சரியில்லை.

அப்போது நாங்கள் குடும்பத்தோடு நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருந்தோம். நான் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இத்தாலிய மொழி படித்துக்கொண்டிருந்தேன். அதிலும் அச்சு வருவதற்கு முன்னால் கையால் எழுதிய பழைய பிரதிகள். எழுதியது தோலில். (ஆமாம், ஆட்டுத் தோல். எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டார்கள்.) பிரதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என்றால் என்ன என்று அம்மாவுக்கு ஒருநாள் விளக்கினேன்.

"மூலம் காணாமப் போயிடுச்சும்மா. அதைப் பார்த்து எழுதின காப்பிங்கதான் இருக்கு. எழுதறவன் ஒவ்வொருத்தனும் தப்பு விடுவான். ஒரே தப்பு ரெண்டு காப்பியில இருந்தா, ரெண்டும் ஒரே இடத்துலேர்ந்து வந்திருக்குன்னு அர்த்தம். அப்படியே பின்னாடி போய், மூலத்துல என்ன இருந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும்."

அம்மா திருச்சியில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். "பரீட்சையில பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதினவனைப் பிடிக்கிற மாதிரி. இதை நான் வருஷாவருஷம் செஞ்சேனேடி. இதுக்கா இத்தாலி பாஷை?" என்றாள்.

அப்பா அவ்வளவுகூடப் பேசவில்லை. ஊரின் தெற்கே மனுகாவ் கல்லூரியில் அக்கவுண்டிங் படிக்க விண்ணப்பத் தாளைப் பிரிண்ட் எடுத்து, ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டார். நூலகத்தில் இருந்த ஒரே ஒரு இத்தாலிய ஏட்டைப் பதிப்பிக்கும் வேலையைப் பேராசிரியர் என்னிடம் கொடுத்தால் மேலே படிக்கலாம். கொடுக்காவிட்டால் மனுகாவ். ஒவ்வொரு தடவை மோர் எடுக்கப் போகும்போதும் அந்தத் தாள் என்னைப் பார்த்து இளித்தது.

பேராசிரியர் முன்னால் ஏட்டை வாசித்துக் காட்ட வேண்டிய நாளும் வந்தது. வாசலில் அம்மா மறித்தாள்.

"நல்ல காரியத்துக்குப் போற, வெறும் நெத்தியோடவா போவ?"

நாலு தெரு தள்ளி நின்றாலும் தெரிகிற அளவில் குங்குமம் வைத்துவிட்டாள். நான் என் பங்குக்குக் கண்மையைத் தாராளமாகத் தீட்டி, புதுச் சுடிதாரும் நீளமான துப்பட்டாவும் போட்டிருந்தேன். (தோல் ஏடு படிக்க யார் இப்படிப் போவார்கள் என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.) என் தங்கை நிலா மேலும் கீழும் பார்த்து, "சீரியஸ்லி?" என்றாள். எங்கள் பேட்டை பக்குரங்காவில் பஸ் ஏறுவதற்குள் சாரலடித்து, காற்றில் குடை மல்லாந்தது. போய்ச் சேர்ந்தபோது முகம் நசநசவென்று ஈரம்.

வாசிப்பறைப் பொறுப்பாளர் ஹெலன் விதிகளைச் சொன்னார். பேனா கூடாது. பை கூடாது. தண்ணீர் பாட்டில் கூடாது. கையுறை வேண்டாம், கையைக் கழுவித் துடைத்தால் போதும். முகத்தைப் பற்றி ஒரு விதியும் இல்லை. இதைப் பிற்பாடு ஒரு வாதமாக எடுத்து வைத்துப் பார்த்தேன், எடுபடவில்லை.

ஏட்டில் இருந்தது மாதாவைப் போற்றி ஓர் ஊர்க்காரர்கள் பாடிய பாட்டு. தொடக்க எழுத்துக்குள் சின்னதாக மாதாவின் படம். அதே பாட்டுக்கு இத்தாலியில் இன்னும் இரண்டு பிரதிகள் உண்டு. எங்கள் ஏட்டை எழுதியவன் ஒரு வரியை விட்டுவிட்டான், இத்தாலிப் பிரதிகள் இரண்டில் ஒன்று மட்டும் அதே வரியை விட்டிருக்கிறது, ஆக அதுவும் நம்முடையதும் உடன்பிறப்புகள் என்று நான் விளக்கியதும், பேராசிரியர் தலையாட்டினார். அவர் தலையாட்டுவது அபூர்வம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வரியைக் காட்ட வேகமாகத் திரும்பினேன். ஏட்டைத் தாங்கியிருந்த பஞ்சுப் பலகையில் துப்பட்டா மாட்டியது. பலகை சரிந்தது. அறுநூறு வருஷத்து ஏடு வழுக்கிக்கொண்டு வந்து என் ஷூ மேல் விழுந்தது.

"ஐயையோ!"

இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பட்டது ஷூக்கால் ஆயிற்றே, அதனால் நன்றாக அழுத்தியே ஒற்றினேன்.

ஏட்டை இறக்கிப் பார்த்தால், எழுத்தில்லாத கீழ் ஓரத்தில் இரண்டு கறுப்புத் தீற்றல். அதற்கு மேலே நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. புது வீட்டில் கட்டுகிற திருஷ்டிப் பொம்மை மாதிரி அது என்னை முறைத்தது. அத்தோடு விட்டிருக்கலாம். துப்பட்டா நுனியை எச்சில் தொட்டுத் துடைக்கப் போனேன்.

"தொடாதே!" என்று ஹெலன் போட்ட சத்தத்தில், அடுத்த மேஜையில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் பென்சிலைக் கீழே போட்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவமானம் ஒரு பக்கம், ஃப்ரிட்ஜ் காந்தம் ஒரு பக்கம். தேம்பிக்கொண்டே, எங்கள் ஊரில் புத்தகம் காலில் பட்டால் இப்படித்தான் மன்னிப்புக் கேட்போம் என்றேன்.

"யாரிடம்? புத்தகத்திடமா?" என்றார் பேராசிரியர்.

"ஆமா."

அவர் ஏட்டின் மேல் குனிந்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து என்னிடம் நீட்டி, மாதா படத்தைக் காட்டினார். உடம்பெல்லாம் வண்ணம் பளிச்சென்று இருந்தது. முகம் மட்டும் தேய்ந்து போயிருந்தது.

"இதற்கு என்ன காரணம் என்று உன் குறிப்பில் எழுதியிருந்தாய்?"

"ஈரம்."

"தப்பு. முத்தம். பாட வந்தவர்கள் எல்லோரும் முத்தமிட்டிருக்கிறார்கள். இனிமேல் இந்த இடத்தை நீ தப்பாக எழுத மாட்டாய்."

வேலை எனக்குத்தான் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஹெலன் லேசில் விடவில்லை. கண்மையின் எண்ணெய் தோலில் இறங்கிவிட்டது, இனி எடுக்க முடியாது என்றார். துப்பட்டா கூடாது, முகம் கழுவிவிட்டு வர வேண்டும், அவர் பக்கத்தில் இல்லாமல் ஏட்டைத் தொடக் கூடாது என்றார். விதிப் பலகையில் முகத்துக்கும் ஒரு வரி ஏறியது.

ஏட்டில் உள்ள ஒவ்வொரு கறையும் யாருடையது, எந்தக் காலத்தது என்று எழுதுவது எங்கள் தொழிலில் கட்டாயம். எழுதினேன்: 'கீழ் ஓரத்தில் மூன்று கறைகள். கண்மை, குங்குமம். ஆக்லாந்து, தற்காலம். பதிப்பாசிரியருடையவை.' நூலகம் அதைத் தன் கேட்டலாக்கில் வார்த்தை மாறாமல் சேர்த்துக்கொண்டது.

இப்போது எங்கள் வீட்டில் எது கீழே விழுந்தாலும், டிவி ரிமோட்டே ஆனாலும், நிலா கத்துவாள்: "டோன்ட்! கேட்டலாக்ல போட்டுடுவாங்க!" விண்ணப்பத் தாளை அப்பா தன் கையாலேயே எடுத்துவிட்டார். அதே காந்தத்தின் கீழே இப்போது ஏட்டின் போட்டோ. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அதைக் காட்டிவிடுவார்.

"அறுநூறு வருஷத்து ஏடு சார். கீழே தெரியுதுல்ல, அது எம் பொண்ணு."

வந்தவர்கள் உற்றுப் பார்ப்பார்கள். பொட்டு கொஞ்சம் கோணல்தான். யாராவது அதைச் சொல்லிவிட்டால் போதும், சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

"மூலத்துல நேராத்தான் இருந்துச்சு. காப்பி எடுக்கறப்ப இவதான் தப்பு விட்டுட்டா."