எலாஸ்டிக் அக்காவின் பிரபஞ்சம்

பிரபஞ்சம் விரிந்துகொண்டே போவதைத் தன் வீட்டுச் சுவரில் விழுந்த விரிசலைப் போல நினைத்துத் தவித்த ஒரே ஜீவன், கோயம்புத்தூரில் எங்கள் எலாஸ்டிக் அக்காதான்.

பீளமேட்டு விடுதியில் என் அறைத்தோழி. சோமனூர்க்காரர், இயற்பியல் படித்தவர். வேலை, ஜட்டிக்கு வைக்கும் எலாஸ்டிக் நாடா ஆலையில் தரப் பரிசோதனை. அதாவது, நாடாவை அறும்வரை இழுத்துப் பார்ப்பது. பழகிய கை விடுதிக்கு வந்தும் சும்மா இருக்காது. என் தலைமுடி பேண்டு, துணிக்கொடி, பரோட்டா என்று அறையில் நீளக்கூடிய எதுவும் தப்பியதில்லை. பம்பு வடிவமைக்கும் நான், அறுந்தவற்றைப் பட்டியல் போட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

உட்காரவும் மாட்டார். கட்டிலுக்கும் கதவுக்கும் நடந்தபடியேதான் பேச்சு.

"ஏனுங்கக்கா, ஆதியில எல்லாம் வெடிச்சுச் சிதறுச்சாமா?" என்று சீண்டினால் போதும்.

"வெடிக்கல அம்மணி. வெடிக்கோணும்னா சுத்தியும் எடம் வேணுமல்லோ? எடமே அப்பத்தான் விரியுது. மொதல்ல எல்லாம் நெருக்கியடிச்சுக் கொதிச்சுக்கிட்டு இருந்துது. விரிய விரிய ஆறுச்சு. ஆறுனதுக்கப்புறந்தான் அணு, நட்சத்திரம், நீ, நானு, இந்த ஆறிப்போன உப்புமா, எல்லாம்."

உடனே ஒரு நாடாவில் புள்ளிகள் வைத்து இழுப்பார். "பாரு, எந்தப் புள்ளியும் நடக்கல. நடுவுல இருக்கற எடந்தான் நீளுது. ஆனா எந்தப் புள்ளியக் கேட்டாலும், எல்லாரும் என்னைய உட்டுட்டுப் போறாங்கன்னுதான் சொல்லும்."

சொல்லி முடிப்பதற்குள் நாடா அறுந்திருக்கும்.

போன வருடம் சென்னையில் ஓர் அறிவியல் மையம், வருகிற குழந்தைகளுக்கு விளக்கிச் சொல்ல ஆள் தேடியது. அக்கா ஏங்கிக் கிடந்த வேலை. தேர்வு எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றில். பிள்ளைகள் முன்னால் பிரபஞ்சத்தின் தொடக்கத்தை விளக்கிக் காட்ட வேண்டும். நான் விதிகள் சொல்லி அனுப்பினேன். ஒன்று, நடக்கக் கூடாது. இரண்டு, நடுநடுவே மூச்சு விட வேண்டும். மூன்று, நாடாவைப் பாதிக்கு மேல் இழுக்கவே கூடாது.

"அறுத்துப்போட்டா வேல போச்சுன்னு எனக்குத் தெரியாதா அம்மணி?"

கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று விதிகளையும் காப்பாற்றிவிட்டார். அப்போது தேர்வாளர் கேட்டார்: "இது எதுவரைக்கும் விரியும்?"

அந்தக் கை ஆலையில் நாள் முழுக்கக் கேட்கும் கேள்வி அது. இழுத்தது. அறுந்த நுனி பறந்துபோய் அவர் மூக்குக்கண்ணாடியைத் தேநீரில் தள்ளியது. அக்கா பழக்க தோஷத்தில் கையிலிருந்த மிச்சத்தை உற்றுப் பார்த்தார்.

"ரப்பர் நூல் சரியில்லீங்க. இந்த லாட்டைத் திருப்பி அனுப்போணும்."

அரங்கமே சிரித்தது. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, பிரபஞ்சமும் இப்படி அந்துபோயிருமா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, உட்காரவே தெரியாத அக்கா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"தெரியல கண்ணு. வேகமா விரிஞ்சுக்கிட்டே போகுது, அதுவரைக்கும் தெரியும். கடைசீல என்னாகும்னு தேடிக்கிட்டுத்தான் இருக்கறாங்க. நீயும் பெருசாகித் தேடறயா?"

தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்: "சென்னைக்கு எப்ப வர்றீங்க?"

இப்போது எதிர்க்கட்டில் காலி. தொலைபேசியில் கேட்டால், "நான் எங்கயும் போகல அம்மணி, நடுவுல எடம் நீண்டுபோச்சு" என்கிறார். கிளம்பும்போது கொடுத்த ஒரு துண்டு நாடா என் மேசையில் இருக்கிறது. அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளிகள்.

இதுவரை நான் அதை இழுத்துப் பார்க்கவில்லை.